பேய்க்கு ஒரு புதுப்பெயர்

ஊரே பேய் என்று அலறுகிறது. உற்றார் ஒடுங்கி நிற்கின்றனர். மந்திரம் ஓதுபவர் வரவழைக்கப்படுகிறார். அவ்வேளையில் ஒருவன் எழுந்து, இது பேயன்று, மனநோய் என்று எடுத்துரைக்கிறான். கொட்டகை கைதட்டுகிறது!

2005ஆம் ஆண்டில் பி. வாசுவின் இயக்கத்தில் வெளிவந்த 'சந்திரமுகி'யில் தமிழ்நாடு கண்ட காட்சி இது. பேசியவர் சாதாரண நடிகர் அல்லர். பட்டிதொட்டியெங்கும் கொண்டாடப்படும் ரஜினிகாந்த். அவர் ஏற்றதும் மனநல மருத்துவர் சரவணன் எனும் வேடம். நமது மேடைகளில் தொண்டை வறளப் பேசியதை, நூறு மேடை எட்டாத மூலைக்கும் ஒரே படம் கொண்டு சேர்த்துவிட்டது என்று மகிழ்ந்தவர் பலர். அம்மகிழ்ச்சி பிழையென்று நான் கூற வரவில்லை. வேப்பிலையும் சாட்டையும் வேண்டாம், மருத்துவரை நாடுக என்று ஒரு பெருநடிகர் சொல்வது நல்லதே.

ஆயினும், தோழர்களே, பகுத்தறிவாளன் பகைவன் சொல்லை மட்டும் உரைத்துப் பார்ப்பவன் அல்லன். தனக்கு இனிக்கும் சொல்லையும் உரைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவன். படத்தில் பேய் போயிற்றா? அல்லது பேயின் பெயர் மட்டும் மாறிற்றா? இந்தக் கேள்வியைக் கேட்கவே இக்கட்டுரை.

பழைய பேய், புதிய உடை

பாசில் இயக்கி 1993இல் மலையாளத்தில் வெளிவந்த 'மணிச்சித்திரத்தாழ்' என்ற படமே 'சந்திரமுகி'யின் மூலம். கதை நாமறிந்ததே. அரண்மனையில் குடியேறுகிறாள் கங்கா. வேட்டையன் என்ற மன்னனால் முன்னொரு காலத்தில் கொல்லப்பட்ட நடனமங்கை சந்திரமுகியின் கதையைக் கேட்கிறாள். கேட்டவள் தன்னையே சந்திரமுகியாக எண்ணிக்கொள்கிறாள். மருத்துவன் துப்பறிகிறான், கண்டுபிடிக்கிறான், 'ஸ்பிளிட் பெர்சனாலிட்டி' என்று பெயர் சூட்டுகிறான்.

பெயர் புதிது. பண்பு? கண்கள் உருள்கின்றன, குரல் மாறுகிறது. கட்டிலையே தூக்கும் வலிமை வருகிறது. பழிவாங்கும் வெறி பிறக்கிறது. பாட்டி சொன்ன பேய்க்கதையில் பேய்க்கு என்னென்ன அடையாளமோ, அத்தனையும் இந்த நோய்க்கும் அடையாளம்! மருத்துவமேனும் மாறிற்றா? அதுவும் இல்லை. வேட்டையனைக் கொன்றால்தான் சந்திரமுகி அடங்குவாள். ஆகவே ஆச்சாரியார் ஒருபுறமும் மருத்துவன் மறுபுறமும் நிற்க, மன்னனென்று அவள் நம்பும்படி ஒரு பொம்மை வைக்கப்பட்டு, எரிக்கப்படுகிறது. பழி தீர்ந்தது; நோய் தீர்ந்தது; ஓரிரவில் கங்கா பழைய கங்காவாகிறாள். பழி தீர்த்த ஆவி உடலைவிட்டு நீங்கும் என்பது யாருடைய கொள்கை? மருத்துவக் கல்லூரியின் கொள்கையா, மயானக்கரைக் கொள்கையா? அரண்மனைக்குள் ஊர்ந்து திரியும் பெரும்பாம்புக்கோ கடைசிவரை விளக்கமே இல்லை. பகுத்தறிவு வென்றது என்று கூறிக்கொண்டே, பயப்படவும் கொஞ்சம் மிச்சம் வைத்து அனுப்பிவிட்டனர்.

இவை கலையின் உரிமை என்பர். இருக்கட்டும். கதைக்கு மிகை வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். என் குற்றச்சாட்டு மிகையைப் பற்றியது அன்று. நோய் கண்டறியப்படும் முறையைப் பற்றியது. படம் முழுவதும் அந்த மருத்துவன் யாரிடம் பேசுகிறான்? கணவனிடம் பேசுகிறான், கங்காவின் ஊருக்குச் சென்று அவள் இளமையை விசாரிக்கிறான், கணவனைக் கொண்டே அவளைச் சினமூட்டி, அவள் உருமாறுவதைக் காட்டுகிறான். கங்காவை எதிரில் அமர்த்தி, "அம்மா, உனக்கு என்ன செய்கிறது? இரவில் உறக்கம் வருகிறதா? எதை நினைத்து அஞ்சுகிறாய்?" என்று கேட்டானா? இல்லை! நோயுற்றவள் அவள், அவளைத் தவிர மற்ற அனைவரும் அவள் நோயைப் பற்றிப் பேசுகின்றனர். பேயோட்டியும் இதைத்தான் செய்கிறான். பெண்ணிடம் அவன் பேசுவதில்லை. பெண்ணுக்குள் இருப்பதாகத் தான் கருதும் ஒன்றிடம் பேசுகிறான்.

அதே 2005இல் வெளிவந்தது ஷங்கரின் 'அந்நியன்'. அதில் அம்பி என்ற வழக்கறிஞனுக்குள் ரெமோ, அந்நியன் என மேலும் இருவர். கருட புராணம் கூறும் தண்டனைகளைக் கொண்டு கொலைகள் செய்கிறான் அந்நியன். அறிதுயில் நிலைக்கு அவனை ஆழ்த்தி, மருத்துவர் உண்மையை வெளிக்கொணர்கிறார். மைபோட்டுப் பார்ப்பவன் வெற்றிலையில் கண்டதை இவர் அறிதுயிலில் காண்கிறார், வேறுபாடு அவ்வளவே! முடிவோ இன்னும் கொடிது. மருத்துவமனையிலிருந்து குணமாகி வந்தவன் எனக் கருதப்பட்டவன், ஓடும் தொடர்வண்டியிலிருந்து ஒருவனைத் தள்ளிக் கொல்கிறான். கொட்டகை அதற்கும் கைதட்டுகிறது. மனநோயர் என்றால் கொலைகாரர், குணமானார் என்று மருத்துவமனை கூறினாலும் நம்பாதே என்ற பாடத்தைக் கற்றுக்கொண்டு மக்கள் வீடு திரும்பினர். மனநோயுற்றவருள் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. தாக்கப்படுவோரும் ஏமாற்றப்படுவோருமே அவர்களில் மிகுதி. அந்த உண்மையைக் கூற ஒரு காட்சிகூட இல்லை.

பெயரின் பிழை

'ஸ்பிளிட் பெர்சனாலிட்டி' என்ற சொல் படித்தவர் வாயிலும் நடமாடுகிறது. அச்சொல்லைச் 'ஸ்கிசோஃப்ரீனியா' என்ற நோயின் மறுபெயராகக் கொள்வோரும் உண்டு. இதற்குக் காரணம் உண்டு. சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் புளூலர் 1908இல் கிரேக்கச் சொற்களை இணைத்து அந்நோய்க்குப் பெயரிட்டார். பிளவுபட்ட மனம் என்பது அதன் பொருள். ஓர் உடலில் இரண்டு ஆட்கள் என்று அவர் கருதவில்லை. எண்ணம் ஒருபுறமும் உணர்ச்சி ஒருபுறமும் இசைவிழந்து போவதையே குறித்தார். பெயரைக் கண்டோர் பொருளை மறந்தனர். ஒரு நோயின் பெயரில் வேறொரு கதையை ஏற்றிவிட்டனர்.

நாம் மனச்சிதைவு என்று வழங்கும் இந்நோயில், இல்லாத குரல் காதில் கேட்கும். அண்டை வீட்டார் நஞ்சு வைக்கின்றனர் என்பது போன்ற, எச்சான்றாலும் அசைக்க முடியாத பொய் நம்பிக்கை வேரூன்றும். பேச்சு கோவை இழக்கும். குளிக்கவும் உண்ணவும் பழகவும் உள்ள நாட்டம் கருகும். கடைசியாகக் கூறியது நாடகத்துக்கு உதவாது. ஆகவே திரையில் வராது. மூலையில் முடங்கிக்கிடக்கும் இளைஞனைச் 'சோம்பேறி' என்று வீடு திட்டும். நோய் என்று அறியாது.

தாமே பலராகப் பிரிந்துவிட்டதாக உணரும் நிலை மருத்துவ நூல்களில் தனி நோயாக, விலகல் வகைக் கோளாறுகளுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. அது அரிதாகக் காணப்படுவது; மருத்துவரிடையே வழக்காடலுக்கு உள்ளானதும்கூட. அரியதைத் திரை கொண்டாடுகிறது. அன்றாடம் நம் தெருவில் உலவுவதை மறந்துவிடுகிறது.

தெருவில் உலவுவது எது? மனச்சோர்வு! துயரமெல்லாம் மனச்சோர்வு அன்று. இரண்டு கிழமைகளேனும், பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்து கிடப்பது, விரும்பியவற்றில் விருப்பமே அற்றுப்போவது, அவற்றோடு உறக்கம், பசி, ஊக்கம், கவனம் ஆகியவை கெடுவது, தான் பயனற்றவன் என்ற எண்ணம் அரிப்பது, சாவை நினைப்பது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இத்தகைய ஒன்பது அறிகுறிகளைப் பட்டியலிட்டு, ஐந்தேனும் இருத்தல் வேண்டும், அவற்றுள் முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் வேண்டும், வாழ்க்கை நடப்பு குலைந்திருத்தல் வேண்டும் என்கிறது.

இருமுனை மனநோயில் இந்தத் தாழ்வுக்கு எதிர்முனையும் உண்டு. உறக்கமே வேண்டாத உற்சாகம், அணைகடந்த பேச்சு, கைப்பொருளை வாரியிறைக்கும் துணிவு எனப் பல நாட்கள் நீளும். பதற்ற நோய்கள் வேறு. விரும்பாத எண்ணமே மீண்டும் மீண்டும் வந்து, கையைக் கழுவு, பூட்டைப் பார் என்று ஓயாது ஏவும் எண்ணச்சுழல் நோய் வேறு. பேரதிர்ச்சிக்குப்பின் அந்நிகழ்ச்சியே கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்பத் தாக்கும் நோய் வேறு. மதுவுக்கும் பிற போதைக்கும் அடிமையாதலும் நோயே. முதுமையில் நினைவு தேயும் நோயும் உண்டு. இத்தனை வேறுபாடுகளையும் 'பைத்தியம்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம்! காய்ச்சல், காசநோய், நீரிழிவு, எலும்பு முறிவு அனைத்துக்கும் ஒரே பெயர் வைத்தால் மருத்துவம் எப்படி நடக்கும்?

2012இல் ஐசுவர்யா இயக்கிய '3' என்ற படம் இருமுனை நோயைப் பெயர் சொல்லியே காட்டிற்று. அந்தத் துணிவைப் பாராட்டலாம். ஆனால் அங்கும் நோய் அச்சுறுத்தும் உருவங்களாகவே எழுகிறது. நாயகன் தன் நோயை மனைவியிடமிருந்து மறைக்கிறான். நண்பன் அதற்குத் துணைநிற்கிறான். மறைப்பதே அன்பு என்பதுபோலக் கதை நடக்கிறது. முடிவு சாவு. உண்மையில் அங்கே அவனை வீழ்த்தியதில் நோய்க்குப் பாதி, மறைப்புக்குப் பாதி. படம் இரண்டாம் பாதியைக் காணவே இல்லை.

கேட்கும் கலை

அப்படியாயின் மனநோய் எவ்வாறு கண்டறியப்படுகிறது? இரத்தத்தைச் சோதித்து, இதோ மனச்சிதைவு என்று கூறும் சோதனை இன்றுவரை இல்லை. படம்பிடிக்கும் கருவியும் அதைத் தனித்துக் கூறாது. இதைக் கேட்டதும் நம் தோழர்கள் சிலர், "அப்படியானால் இது விஞ்ஞானமா?" என்று ஐயுறுவர். ஐயம் நல்லது, விடையும் உண்டு.

முதலில் வரலாறு. எப்போது தொடங்கிற்று, எப்படி வளர்ந்தது, முன்பு வந்ததா, குடும்பத்தில் யாருக்கேனும் உண்டா, எந்த மருந்து உட்கொள்கிறார், மது உண்டா என்று நோயுற்றவரிடமும் உடன் வாழ்பவரிடமும் மருத்துவர் கேட்கிறார். அடுத்து மனநிலை ஆய்வு. தோற்றம், நடத்தை, பேச்சு, உணர்ச்சி, எண்ணத்தின் ஓட்டம், எண்ணத்தின் பொருள், இல்லாததைக் காணும் அல்லது கேட்கும் நிலை, நினைவாற்றல், தன் நிலையைப் பற்றித் தனக்குள்ள தெளிவு என ஒவ்வொன்றையும் முறையாக நோக்குகிறார். சாக எண்ணியதுண்டா என்றும் நேராகவே கேட்கிறார். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்பது வீண் அச்சம். பலருக்கு அக்கேள்வியே முதல் ஆறுதல்.

பின்னர் உடலைச் சோதிக்கிறார். இங்கேதான் இரத்தச் சோதனைக்கும் படத்துக்கும் வேலை. மனநோய்போலத் தோன்றுவதெல்லாம் மனநோய் அன்று. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மந்தமானால் மனச்சோர்வு போன்றதொரு நிலை வரும். மிகுந்தால் பதற்றம் வரும். பி12 என்னும் ஊட்டச்சத்துக் குறைந்தாலும் நினைவும் மனமும் கலங்கும். ஐரோப்பாவின் மனநோயர் விடுதிகளை ஒருகாலத்தில் நிரப்பிய 'பொதுவாதம்' என்ற நோயின் காரணம் மேகநோய்க் கிருமியே என்பதை, மாண்டவர்களின் மூளையிலேயே அக்கிருமியைக் கண்டு, 1913இல் நோகுச்சியும் மூரும் மெய்ப்பித்தனர். பின்னர் பென்சிலின் வந்தது. விடுதிகளில் ஒரு பிரிவே காலியாகத் தொடங்கிற்று. 2007இல் டால்மாவும் உடன் ஆய்ந்தோரும் இன்னொன்றை விளக்கினர்: உடலின் காப்பாற்றலே மூளையின் ஏற்பிகளைத் தாக்கும் ஒரு மூளையழற்சி. இளம்பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் இந்நோயில் திடீரென்று பிதற்றலும் வெறியும், பின்னர் வலிப்பும் விந்தையான உடலசைவுகளும் தோன்றும். பேய் பிடித்தது என்று ஊர் சொல்லத்தக்க நோய் உண்டென்றால் அது இதுதான். காலத்தில் கண்டால் மருந்துக்குக் கட்டுப்படும், சாட்டையடிக்குக் கட்டுப்படாது!

இவற்றையெல்லாம் விலக்கிய பின்னரே, அறிகுறிகளின் தொகுதியையும் அவை நீடித்த காலத்தையும் அவற்றால் வாழ்வு எவ்வளவு கெட்டது என்பதையும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்டப்படுகிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய் வகைப்பாடும், அமெரிக்கச் சங்கத்தின் கையேடும் இதற்குரிய அளவுகோல்கள். முன்னதன் பதினொன்றாம் பதிப்பு 2022 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. சூட்டிய பெயரும் முடிந்த முடிபன்று. மனச்சோர்வு என்று கருதியவரிடம் சில ஆண்டுகளில் எழுச்சி தோன்றினால், இருமுனை நோய் என்று திருத்தப்படும், மருந்தும் மாறும். தன் தீர்ப்பைத் தானே திருத்திக்கொள்ளும் அறம் பேயோட்டியிடம் உண்டா? அவனுடைய பேய் என்றைக்கும் பேயே!

நோயையும் அதன் காரணத்தையும் ஆய்ந்த பின்னரே மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். அம்மொழியைப் பேசுவோர்க்கு இம்முறை அயலானது அன்று. ஆனால் நம் படங்களின் மருத்துவர் கேட்பதில்லை, காத்திருப்பதில்லை, விலக்குவதில்லை, திருத்திக்கொள்வதில்லை, ஞானக்கண்ணால் காண்கிறார். ஆகவேதான் அவரை வெள்ளைச் சட்டையணிந்த மந்திரவாதி என்கிறேன்.

சங்கிலி

பாலா இயக்கிய 'சேது' 1999இல் வந்தது. தலையில் அடிபட்டு மனங்கலங்கிய இளைஞன் ஒரு மடத்தில் சங்கிலியில் கட்டிவைக்கப்படுகிறான். அவன் தேறிவருகிறான். அவனைக் காண வருகிறாள் அவன் காதலி, அவன் உறங்குகிறான், பார்த்தவள் தேறவில்லை என்று முடிவுகட்டிச் சென்றுவிடுகிறாள். அவன் கூவுகிறான், அவள் காதில் விழவில்லை. இரண்டு வாழ்வும் அழிகின்றன.

நாடு இதைக் காதலின் துயரமாகக் கண்டு கண்ணீர் வடித்தது. நான் இதை வேறொன்றாகக் காண்கிறேன்: நோய் கண்டறிதல் இல்லாத இடத்தில் நலம் கண்டறிதலும் இல்லை! ஒருவன் நோயாளி என்று எவரும் முறையாக ஆய்ந்து கூறாத இடத்தில், அவன் குணமானான் என்று கூறவும் எவருமில்லை. தூரத்தில் நின்று ஒருமுறை பார்ப்பதே அங்கே தீர்ப்பு. சங்கிலி கட்டப்பட்டவன் தெளிவாகப் பேசினாலும் அது பிதற்றலாகவே கேட்கும். அறிந்தோ அறியாமலோ இவ்வுண்மையைத் தொட்டதால், மேற்கூறிய படங்களினும் 'சேது' ஒருபடி உயர்ந்து நிற்கிறது என்பது என் மதிப்பீடு. ஆனால் சங்கிலி ஏன் என்று அதுவும் கேட்கவில்லை. சங்கிலியை விதியின் சின்னமாக்கிவிட்டது.

அந்தக் கேள்வியைக் கேட்காததற்கு நாடு கொடுத்த விலை என்ன? 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. விடியுமுன் தனியார் மனநோயர் விடுதியொன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களுள் எத்தனை பேருக்கு மருந்தால் தீரும் நோய்? எத்தனை பேர் முன்பே தேறியிருந்தனர்? கேட்டவர் இல்லை, ஆகவே விடையும் இல்லை. உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. உரிமம் பெறாத விடுதிகள் மூடப்பட்டன.

இதை ஒரு மதத்தின் குற்றமாகக் காட்டிக் குளிர்காய நினைப்போர் உண்டு. அவர்களுக்கு ஒன்று கூறுவேன். கோவிலாயினும் தர்காவாயினும் மாதா கோவிலாயினும், வைத்தியம் எட்டாத ஏழை அங்கே போகிறான். அவன் நம்பிக்கையைப் பழிக்குமுன், அவன் ஊரில் மனநல மருத்துவர் இருந்தாரா என்று கேட்க வேண்டும். சங்கிலி இரும்பால் மட்டும் ஆனதன்று. வறுமையும் அறியாமையும் அரசின் பாராமுகமும் கலந்து வார்த்தது அது.

அளவுகோலும் அதிகாரமும்

நோய்க்குப் பெயரிடும் அதிகாரமும் கண்காணிக்கப்பட வேண்டியதே. 1851இல் அமெரிக்காவில் கார்ட்ரைட் என்ற மருத்துவர் ஒரு புதிய மனநோயைக் 'கண்டுபிடித்தார்'. எசமானனை விட்டுத் தப்பியோடும் கறுப்பின அடிமைக்கு வருவதாம் அந்நோய்! விடுதலை வேட்கையே வியாதியாயிற்று. சோவியத்து நாட்டில் அரசை எதிர்த்தோர்க்கு 'மந்தமான மனச்சிதைவு' என்று பட்டம் கட்டி மருத்துவமனையில் அடைத்தனர். ஒருபாற் காதலை அமெரிக்கச் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் வைத்திருந்து, 1973இல்தான் நீக்கிற்று. சமுதாயத்தின் வெறுப்பு மருத்துவத்தின் மொழியில் பேசக்கூடும் என்பதற்கு இவை சான்று.

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டே இந்தியாவின் மனநலச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018இல் நடைமுறைக்கு வந்தது. அதன் மூன்றாம் பிரிவை நம் இளைஞர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவ அளவுகோலின்படியே மனநோய் தீர்மானிக்கப்பட வேண்டும். ஒருவரின் அரசியல், பொருளியல், சமுதாய நிலையையோ, அவர் சார்ந்த இனத்தையோ மதத்தையோ வைத்துத் தீர்மானித்தல் கூடாது. ஊரின் ஒழுக்கத்துக்கோ அரசியலுக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகாமையும் மனநோய்க்குச் சான்றாகாது. முன்பொருகால் மருத்துவம் பெற்றார் என்பதைமட்டும் கொண்டு இன்றும் நோயாளி என்று முடிவுகட்டல் ஆகாது. சேதுவுக்கு மறுக்கப்பட்ட நீதி இறுதி வரியில் இருக்கிறது. சங்கிலியால் பிணைத்தலையும் இச்சட்டம் அறவே தடை செய்கிறது.

ஊருக்கு ஒத்துப்போகாதவன் பைத்தியம் அல்லன் என்று சட்டம் கூறும்போது நமக்கு இனிக்கிறது. சாதியை மறுத்து மணந்தவரையும் சடங்கை மறுத்தவரையும் ஊர் பைத்தியம் என்றே அழைத்தது. ஆனால் அந்தக் கத்தி இருபுறமும் கூர்மையானது. சாமி கும்பிடுபவனும் பைத்தியம் அல்லன்! திருவிழாவில் அருள் வந்து ஆடுபவள் எல்லாம் மனநோயாளி அல்லள். உலக நலவாழ்வு நிறுவனத்தின் வகைப்பாட்டில் 'ஆட்கொள்ளப்படும் நிலை' என்றொரு நோய் உண்டு. ஆயினும் அது தன் விருப்பின்றி நேர்வதாகவும், அவர் வாழும் மக்களின் வழக்கத்துக்கு உட்படாததாகவும், துன்பமோ வாழ்க்கைக் குலைவோ தருவதாகவும் இருந்தாலன்றி நோயாகாது என்று வரையறுத்துள்ளது. அவர் நம்பிக்கை தவறென்று வாதிட நமக்கு உரிமை உண்டு. வாதத்துக்குப் பதில் நோய்ப்பட்டம் கட்ட உரிமை இல்லை. கட்டினால் கார்ட்ரைட்டின் வரிசையில் நாமும் போய் நிற்போம்.

நம் நாவில் உள்ள நஞ்சு

நான் ஆசிரியன். வகுப்பறையில் நாளும் காதில் விழும் வசவு எது? 'லூசு', 'மெண்டல்'. மேடையில் எதிரியை மடக்க நம் பேச்சாளர் கையாளும் சொல் எது? 'பைத்தியக்காரன்'. நகைச்சுவைக் காட்சிகளில் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரைச் சொன்னாலே சிரிப்பு. 1794இல் சென்னையில் தொடங்கிய மனநோயர் இல்லத்தின் வழிவந்த மருத்துவமனை, எண்ணற்ற ஏழைகளுக்கு வேறெவரும் தராத மருத்துவம் தந்த இடம், நமக்குச் சிரிப்புக்கு உரியதாயிற்று! அந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்த மாணவன், தனக்கே ஒருநாள் உறக்கம் கெட்டு உள்ளம் இருண்டால், யாரிடம் சொல்வான்? சொன்னால் கீழ்ப்பாக்கம் என்பார்கள் என்று அஞ்சி வாய்மூடுவான். பேயை நம்பும் வீட்டில் பேயோட்டியிடம் போவான். பேயை நம்பாத வீட்டில் யாரிடமும் போகமாட்டான். இரண்டில் எது மேல்?

நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் ஓர் ஆய்வு நடத்திற்று. வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், 10.6 விழுக்காட்டினர், அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் இருந்தனர். நோய்க்கு நோய் வேறுபட்டு, நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூற்றிரண்டு பேர்வரை மருத்துவமே பெறவில்லை. மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம். வெட்கம் மற்றொரு காரணம். மருத்துவரை நாம் உருவாக்க முடியாது. வெட்கத்தை உருவாக்கியவர்கள் நாம். ஆகவே அதை அழிக்கவும் நம்மால் முடியும்.

எழுத்தாளத் தோழர்களே! அடுத்த கதையில் மனநோயுற்றவரைப் படைக்கும்போது ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் மருத்துவர் அவரிடம் ஒரு கேள்வியேனும் கேட்கிறாரா? அவர் விடை கூற நீங்கள் இடம் தருகிறீர்களா? மருந்துண்டு, வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் மனநோயரை உங்கள் பேனா கண்டதுண்டா? அவர் அண்டை வீட்டில் இருக்கிறார். உங்கள் கதைகளுக்கு அஞ்சியே தன் மாத்திரையை மறைத்து வைத்திருக்கிறார்.

இயக்கத் தோழர்களே! படிப்பகத்தில் பேயில்லை என்று எழுதி வைத்திருக்கிறோம். அதன் கீழே இன்னொரு வரி எழுதுங்கள்: மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' உதவி தமிழிலேயே கிடைக்கும். பேயோட்டியிடம் போகாதே என்று தடுக்கும் கை, மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் கையாகவும் இருக்கட்டும். மருத்துவமனை வாயிலில் விட்டுவிட்டுத் திரும்பாமல், மருந்து முடியும்வரை உடன்வரும் கையாகவும் இருக்கட்டும்.

பேய் இல்லை என்று சொல்வதற்கு ஒரு மேடை போதும். நோயுற்றவரின் சொல்லைக் கேட்பதற்குப் பொறுமை வேண்டும். முன்னதை நம் முன்னோர் செய்து முடித்தனர். பின்னது நம் பங்கு.